தண்டவாளத்திலிருந்து இரண்டே முக்கால் மீட்டர்

புதுச்சேரி ஸ்டேஷனுக்கு மேற்கே, கடலூர் சாலை ரயில் பாதையைக் கடக்கிற இடத்தில் ஆறு தூண்கள் ஆறு வருஷமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தன. பாதைக்கு வடக்கே மூன்று, தெற்கே மூன்று. மேலே பாலம் என்று ஒன்று கிடையாது. 1953-ல் பிரெஞ்சு சர்க்கார் தூண்களை எழுப்பியது. அடுத்த வருஷம் இந்தியா எல்லையை மூடியதில் சிமெண்டு வருகிற வழி அடைபட்டது. அந்த வருஷக் கடைசியில் சர்க்காரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. தூண்களை யாரும் கூட அழைத்துப் போகவில்லை. கேட் மூடியிருக்கும்போது அரியாங்குப்பத்திலிருந்து வருகிற சைக்கிள்காரர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவற்றைப் பார்ப்பார்கள், ஏதாவது கேலி பேசுவார்கள், கேட் திறந்ததும் மறந்துவிடுவார்கள். துணி வெளுப்பவர்கள்தான் தூணுக்குத் தூண் கயிறு கட்டி வேட்டி காயப்போட்டு, போட்ட சிமெண்டுக்குக் கொஞ்சமாவது மரியாதை செய்தார்கள்.

1959-ல் பாலத்தை முடித்துவிடுவது என்று புதிய சர்க்கார் தீர்மானித்தது. ரயில்வேக்காரர்கள் சரி என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். வடக்கு வரிசைத் தூண்கள் எட்டத்தில் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பேச்சில்லை. தெற்கு வரிசை பாதைக்குக் கிட்டே இருக்கிறது. என்றைக்காவது ஒரு வேகன் தடம் புரண்டு வந்து ஒரு தூணில் இடித்தால் போதும். தூண் முறியும், பாலம் இறங்கும், அந்த நேரம் பாலத்தின் மேல் போகிறவர்களும் சேர்ந்து இறங்குவார்கள். ஆகவே அந்த மூன்று தூண்களுக்கும் ஒரு காப்புச் சுவர் வேண்டும். சுவர் இல்லையென்றால் பாலம் இல்லை.

அந்தச் சுவரை வரைகிற வேலை தெய்வநாயகத்திடம் வந்தது.

தெய்வநாயகம் பொதுப்பணி அலுவலகத்தில் படம் வரைபவர். வயது நாற்பத்திரண்டு. இருபது வயதில் பிரெஞ்சுக்காரர்களின் பியூரோவில், அதாவது இதே அலுவலகத்தில், பென்சில் பிடித்தவர். அன்று முதல் அவர் வரைந்ததெல்லாம் தெருக்கள்தான். புதுச்சேரித் தெருவை அளக்க ஒரே வழி உண்டு. தெருவின் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர்வரை அளக்க வேண்டும். எந்த வீட்டுக்காரன் தெருவுக்குள் எத்தனை விரற்கடை வந்திருக்கிறான் என்பது உடனே தெரிந்துபோகும். தாழ்வாரத் தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்து ஓர் அறையைச் சம்பாதித்துக்கொள்கிறவர்கள் ஊரில் நிறைய. அவர்களுக்கு நோட்டீஸ் எழுதுவதே அவருடைய பாதி உத்தியோகமாக இருந்தது.

சர்க்கார் மாறியதும், இனி அடி அங்குலத்தில்தான் வரைய வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அடியும் அங்குலமும் கற்றுக்கொண்டார். கனவில்கூட அங்குலம் வர ஆரம்பித்த சமயத்தில், தேசம் முழுக்க மீட்டர் வரப்போகிறது, மீட்டருக்கு மாறுங்கள் என்று டெல்லி சொல்லிவிட்டது. பழைய அளவுகோலை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

அவருக்கு இருந்த கவலை வேறு. பிரெஞ்சுக் காலத்து ஊழியர்களில் யாரை எந்தப் பதவியில் நிரந்தரமாக்குவது என்று ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. அவரிடம் இந்திய டிப்ளமோ எதுவும் இல்லை. மதராஸிலிருந்து வந்திருந்த எஞ்சினீயர் இராமதாஸ் நல்ல வார்த்தை எழுதினால் அவர் படம் வரைபவராகவே நிலைப்பார். எழுதாவிட்டால் டிரேசர், அதாவது மற்றவர்கள் வரைந்த படத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து, கோட்டின்மேல் கோடு இழுக்கிற ஆள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தொடங்கிய இடம் அது.

ஆகவே சுவரை உயிரைக் கொடுத்து வரைந்தார். ஒரு விஷயம் அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஓடிவருகிற வேகனைத் தடுத்து நிறுத்துகிற சுவர் என்று எதுவும் கிடையாது. அப்படி நிறுத்தப் பார்த்தால் சுவரும் போகும், வேகனும் போகும். சுவர் செய்ய வேண்டியது, வருகிற வேகனைத் தோளில் தட்டி, இந்தப் பக்கம் வராதே, அப்படியே நேரே போ என்று அனுப்பிவைப்பதுதான். ஆகவே சுவர் பாதையோடு ஒட்டி நீளமாக ஓட வேண்டும். தூண் வரிசைக்கு இரண்டு முனையிலும் தாண்டிப் போக வேண்டும். முனைகள் கூராக நிற்காமல் வளைந்து பின்வாங்க வேண்டும். கனம் முக்கால் மீட்டர், உயரம் தண்டவாளத்துக்கு மேல் ஆறடி, அதாவது ஒன்று எண்பது. இதையெல்லாம் யோசித்து, தூண்களுக்கு முன்னால், பாதையின் பக்கமாகச் சுவரை நிறுத்தினார்.

1953-ஆம் வருஷத்துப் படத்தின்படி தண்டவாளத்திலிருந்து தூண் இரண்டே முக்கால் மீட்டர். சுவருக்கு முக்கால் போனால் பாக்கி இரண்டு. பாதைக்கும் சுவருக்கும் நடுவே ரயில்வேக்காரர்கள் கேட்ட இடைவெளியோ ஒன்று அறுபதுதான். தாராளம். அவர்களும் படத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தி அனுப்பினார்கள். இராமதாஸ், "நல்லா வந்திருக்கு, தெய்வநாயகம்" என்றார். அன்று தெய்வநாயகம் வீட்டுக்குப் போகும்போது மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி செல்வாம்பாள், "என்னாங்க, யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் அந்த இடத்துக்குப் போய் அளந்து பார்க்கவில்லை. தூண் என்ன, நடந்தா போய்விடும்?

அளவு போடுகிற நாள் வந்தது. சுவர் வேலை கோவிந்தராசு மேஸ்திரிக்குக் கிடைத்திருந்தது. 1953-ல் அந்தத் தூண்களைக் கட்டியவரும் அவர்தான். அறுபதை நெருங்குகிற மனிதர், சுண்ணாம்பு அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அவரை நம்பிப் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், சித்தாள் பெண்களையும் சேர்த்து. இராமதாஸ் குடையோடு நின்றார். தெய்வநாயகம் தண்டவாளத்தின் வெளி ஓரத்தில் நாடாவை வைத்து, தூண்வரை இழுத்துப் படித்தார்.

இரண்டு இருபது.

மறுபடி இழுத்தார். இரண்டு இருபது. மூன்று தூணும் அதேதான். அரை மீட்டருக்கு மேல் காணாமல் போயிருந்தது. சுவரைக் கட்டினால் பாக்கி ஒன்று நாற்பத்தைந்து. ரயில்வே கேட்டதற்கு அரையடி குறைவு. அரையடிதானே என்று விட முடியாது. காலை வண்டியில் உட்கார இடம் கிடைக்காமல் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளில் மூட்டையோடு வெளியே தொங்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர். பாலத்தைக் காப்பாற்றக் கட்டுகிற சுவர் அவர்களில் ஒருவனைத் தட்டி எடுத்துவிடும்.

இராமதாஸ் மேஸ்திரியைக் கூப்பிட்டார். "தூண் இருக்க வேண்டிய இடத்துல இல்லையே. எப்படிக் கட்டினீங்க?"

"அளவு போட்டு அடிச்ச ஆணி இருந்த எடத்துலதாங்க கட்டுனேன்" என்றார் கோவிந்தராசு.

"ஆணி யார் அடிச்சது?"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம் தெய்வநாயகத்தைப் பார்த்தார். பிறகு, "அது பிரெஞ்சுக்காரன் காலங்க. பியூரோவிலேந்து யாரோ வந்தாங்க" என்றார்.

"யாரோவா? படத்துல சரியா இருக்கு, தரையில தப்பா இருக்கு. அப்ப கட்டினவன் தப்புதான்." இராமதாஸ் குடையை மடக்கினார். "திங்கட்கிழமை ரிப்போர்ட் எழுதறேன். சர்க்கார் வேலைக்கான மேஸ்திரிகள் பட்டியல்லேர்ந்து இவர் பேரை எடுத்துடணும். சுவருக்கு வேற ஆள் பாக்கணும்."

மேஸ்திரி துண்டை மறுபடி தலையில் கட்டிக்கொண்டார். ஆட்களைப் பார்த்துக் கையை அசைத்தார். அவர்கள் கூடைகளை எடுத்துக்கொண்டார்கள்.

தெய்வநாயகத்துக்கு அந்தப் பார்வைதான் உறுத்தியது. குற்றம் சொல்கிற பார்வையில்லை, கெஞ்சுகிற பார்வையுமில்லை. கடையில் சில்லறை வாங்கிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே, அப்படி. 1953-ல் தெருக்களை விட்டுவிட்டு ரயில் பாதைப் பக்கம் ஒரே ஒரு நாள் தாம் போனது அவருக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் ஞாபகம் இல்லை. ஞாபகம் வேண்டாம் என்றுதான் மனசு சொன்னது.

மத்தியானம் சாப்பிடப் போகாமல் பியூரோவின் பின்னறையில் அலமாரியைக் குடைந்தார். களத்தில் குறிப்பெழுதுகிற பழைய நோட்டுகள் அங்கே கிடந்தன. கரையான் தின்றது போக மிச்சமிருந்ததில் அவருடைய நோட்டும் இருந்தது. அது போயிருக்கக்கூடாதா என்று ஒரு கணம் வருத்தப்பட்டார் என்பதை மறைப்பதற்கில்லை. நடுவில் ஒரு பக்கத்தில், அவருடைய சொந்தக் கையெழுத்தில், பென்சிலில் ஒரு சின்னப் படம். இரண்டு தண்டவாளம். அவற்றுக்கு நடுவே, தெருவுக்குப் போடுவது போலவே, புள்ளியும் கோடுமாக ஒரு நடுக்கோடு. நடுக்கோட்டிலிருந்து தூண்வரை அம்புக்குறி. அம்புக்குறியின் மேல் 2.75.

படம் சொன்னது தண்டவாளத்திலிருந்து. அவர் அளந்தது பாதையின் நடுவிலிருந்து. எல்லாத் தெருவையும் அப்படித்தானே அளந்தார்! ரயில் பாதையும் அவர் கைக்கு ஒரு தெருவாகப் போய்விட்டது. நடுவுக்கும் தண்டவாளத்தின் வெளி ஓரத்துக்கும் உள்ள தூரம் ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். காணாமல் போனது சரியாக அந்த ஐம்பத்தைந்துதான்.

வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் போனார். அங்கே சர்க்கார் குடியிருப்பு ஒன்றில் கோவிந்தராசு மேல்பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பேர் போனால் அந்த வேலையும் போகும். அவரைப் பார்த்ததும் மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்தார்.

"வாங்க முசியே" என்றார். பிரெஞ்சுக் காலத்துப் பழக்கம், ஆபீஸ்காரர்களை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்.

"அந்த ஆணி..." என்று தொடங்கினார் தெய்வநாயகம்.

"நீங்கதான் அடிச்சீங்க. நாடாவோட அந்த முனைய நான்தான் புடிச்சிருந்தேன். ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஜல்லி மேல ஒரு கோடு கீறி, இங்க புடின்னீங்க. புடிச்சேன்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அளவெல்லாம் எனக்கென்னா தெரியும்? கண்ணுக்குக் கிட்ட இருந்துச்சு. 'முசியே, ரொம்பக் கிட்ட இருக்கேங்க, வண்டி உரசாது?'ன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

கோவிந்தராசு கையிலிருந்த கரணையை ஒரு செங்கல்லில் வழித்தார். "'பேப்பர் பேசும், நீ பேசாத'ன்னீங்க."

தெய்வநாயகத்துக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் தான் சொல்லியிருக்கக்கூடியதுதான் என்பதில் சந்தேகமும் இல்லை. அந்த நாளில் அவர் அப்படித்தான் பேசுவார்.

"இன்னைக்கு எஞ்சினீயர் கேட்டப்போ சொல்லியிருக்கலாமே?"

"பேசாதன்னு சொன்னீங்களே, பேசல" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "அதுவும் இல்லாம, பேசுனா மட்டும் என்னா ஆவப்போவுது? நான் சொல்றத நம்புவாரா, பேப்பர் சொல்றத நம்புவாரா? காயுது முசியே, பூச்சு காயுது. நான் மேல போறேன்." சாரத்தில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் தெய்வநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. செல்வாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"சொல்லலன்னா என்னா ஆவும்?"

"அவர் பேரு போவும். பதினெட்டுப் பேரு நிப்பாங்க."

"சொன்னா?"

"நான் டிரேசர் ஆவேன்."

அவள் அவர் தட்டைப் பார்த்தாள். "திங்கக்கெழம வரைக்கும் இப்பிடியேதான் சோத்தப் பெசைஞ்சிக்கிட்டு இருக்கப் போறீங்களா? அதுக்கு நாளைக்கே சொல்லிட்டு வந்து சாப்புடுங்க" என்றாள். அவளுக்கும் வருத்தம்தான். அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிவைத்திருந்தாள். ஆனால் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

படுத்த பிறகு அவர் யோசித்தது சுவரைப் பற்றி. தப்பை ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? தூண் நகராது. சுவரின் கனத்தைக் குறைத்தால் அது பெயருக்குத்தான் சுவர். தூண்களை இடித்துவிட்டால் பாலம் இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போகும். தூணுக்கு முன்னால்தான் சுவர் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? தாம் ஆயுசு முழுக்க நோட்டீஸ் எழுதின வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன. தாழ்வாரத் தூண்களுக்கு நடுவே அடைத்துவிட்டால், தூண் தனியாக நிற்காது, அதுவே சுவராகிவிடும். தெருப் பக்கம் ஒரு விரல்கூட வராமல் எத்தனை பேர் அதைச் செய்து அவரை ஏமாற்றியிருக்கிறார்கள்! மூன்று தூண்களையும் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டினால், பாதையின் பக்கம் இருக்கிற இரண்டு இருபது அப்படியே இருக்கும். வேகன் வந்தாலும் ஒற்றைத் தூணில் இடிக்க வழியில்லை, மூன்றும் சுவரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்து செல்வாம்பாளை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தார். வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் இராமதாஸின் மேஜைமேல் பழைய நோட்டை விரித்து வைத்தார். பக்கத்தில் புதிய சுவரின் பென்சில் படத்தை வைத்தார்.

"சார், மேஸ்திரி பேரை ரிப்போர்ட்ல எழுதாதீங்க. ஆணி அடிச்சது நான்."

இராமதாஸ் நோட்டைப் பார்த்தார், அம்புக்குறியைப் பார்த்தார், தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, வயது முப்பதுகூட ஆகவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியவர்கள் இருந்தார்கள்.

"இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"மேஸ்திரிக்குத் தெரியும் சார்."

"எழுதினா, பட்டியல்ல உங்களுக்கு நான் சிபாரிசு பண்ண முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

இராமதாஸ் வெகுநேரம் பென்சில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் கண்டுபிடித்த ஒரே குறை, தூணுக்கும் சுவருக்கும் கம்பி கட்டுவது போதாது என்பது. அதைத் திருத்தினார். "நல்ல யோசனை" என்றார். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னார், தப்பும் யோசனையும் ஒரே ஆளிடமிருந்து வருவது யாருக்கும் சங்கடம்தானே.

ரிப்போர்ட் போயிற்று. கோவிந்தராசுவின் பேர் பட்டியலில் அப்படியே இருந்தது. இரண்டு மாதத்தில் வந்த இன்னொரு பட்டியலில் தெய்வநாயகத்தின் பேருக்கு நேரே டிரேசர் என்று இருந்தது. புதிய சுவருக்கு ரயில்வே முத்திரை குத்தியதும், படத்தைப் பிரதியெடுக்கிற வேலை அவரிடமே வந்தது. தன் படத்தின்மேல் தானே மெழுகுத்துணியை விரித்து, தன் கோட்டின்மேல் தானே கோடு இழுத்தார். கீழே வரைந்தவர் என்று போட்ட இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. அதையும் அழகாக எழுதினார். மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அளவு போடுகிற அன்று அவரை யாரும் கூப்பிடவில்லை, டிரேசருக்குக் களத்தில் வேலையில்லை. காலை ஒன்பது மணிக்கு இராமதாஸே அவர் மேஜைக்கு வந்தார். "கிளம்புங்க. உங்க மேஸ்திரி நாடாவைக் கையால தொட மாட்டேங்கறார். ஆணி அடிக்க முசியே வரணுமாம்."

மேஸ்திரி எல்லோர் முன்னாலும் ஏதாவது சொல்லப் போகிறார் என்று தெய்வநாயகம் நினைத்தார். சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று போனார்.

பதினெட்டுப் பேரும் நின்றார்கள். வண்டி அப்போதுதான் போயிருந்தது, கேட் இன்னும் திறக்கவில்லை, சைக்கிள்காரர்களும் நின்றார்கள். கோவிந்தராசு நாடாவின் பித்தளை வளையத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஜல்லிமேல் ஏறினார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"எங்க புடிக்கணும் முசியே?"

"தண்டவாளத்துல. வெளி ஓரத்துல."

"நடுவுல வேணாமா?"

"வேணாம்."

சித்தாள் பெண்களில் யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. வளையத்தைத் தண்டவாளத்தின் வெளி ஓரத்தில் அழுத்திப் பிடித்தார். தெய்வநாயகம் நாடாவை இழுத்து, தூண் வரிசைக்கு மேற்கே சுவர் முடிகிற இடத்தில் இரண்டு இருபதைப் படித்து, அங்கே ஆணியை நிறுத்திச் சுத்தியலை ஓங்கினார். ஓங்கினவர் இறக்கினார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"கிட்ட இருக்கா? பாத்துச் சொல்லுங்க."

கோவிந்தராசு நாடாவை விட்டுவிட்டு வந்தார். அவசரப்படவில்லை. ஆணிக்குப் பின்னால் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தூண்களின் முகத்தையும் ஒரே கோட்டில் பார்த்தார். கேட் திறந்து சைக்கிள்கள் நகர ஆரம்பித்தன. அவர் அப்படியே குந்தியிருந்தார். இராமதாஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாடா தொய்வா இருந்துச்சு" என்றார் மேஸ்திரி கடைசியில். "ரெண்டு வெரல் தெக்கால தள்ளணும்."

தெய்வநாயகம் திரும்ப அளக்கவில்லை. ஆணியைப் பிடுங்கி, இரண்டு விரல் தெற்கே தள்ளி வைத்து, மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

"ஆங். இப்ப அடிங்க" என்றார் கோவிந்தராசு.

அவர் அடித்தார்.